மன்னர் மறுக்கவில்லை

அத்தியாயம் 6

கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்று பெயர் வைத்த ஊரில் அந்த ஏழு ராஜாக்களையும் யாரும் கண்டதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கணேசலிங்கம் வீட்டு முன்னறையில், கண்ணாடி மேசைமேல், ஒரு ராஜாவின் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகக் கிடந்தது. அதைப் பார்த்தபடி கோட், சூட், டை சகிதம் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார் கணேசலிங்கம்.

"ஏதாவது விசேஷமா, சார்?" என்று கேட்டான் வருண்.

"இல்லைத் தம்பி. உந்தக் கடிதத்தை எடுத்து வாசிக்கேக்க சாரத்தோட இருக்க ஒரு மாதிரி இருந்துது."

வருண் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மனிதருக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் குட்மேய்ஸில் மருந்துக்கடை வைத்திருந்து, ஒருவருக்கும் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுக்காதவர். கடையை விட்ட பிறகு, வீட்டில் அடிபட்டு ஓடிவரும் தமிழ்ப் பெண்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றும் சின்ன அமைப்பு ஒன்றை நடத்துகிறார். அப்படிப்பட்டவர் கொஞ்சம் டை கட்டிக்கொண்டால்தான் என்ன?

எதிர் நாற்காலியில் மெற்றில்டா. ஐம்பத்திரண்டு வயது. வக்கீல் ஆபீஸ் ஒன்றில் இருபது வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது இல்ஃபோர்டில் சேலைக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருப்பவர். வருண் அவருடைய உதவியாளன். மயிலாப்பூர்க்காரன், ஐ.டி. வேலையும் கல்யாணமும் ஒரே வருஷத்தில் போனவன். கம்ப்யூட்டர் பார்ப்பது, கேட்காத இடத்தில் வாயைத் திறப்பது, இரண்டும் அவன் பொறுப்பு.

"கடிதம் எப்ப வந்தது, கணேசண்ணை?"

"செவ்வாய்க்கிழமை. மூண்டு நாளா நித்திரை இல்லை, மெற்றில்டா. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு போட்டிருக்கு. துசியந்திக்கு மட்டும் காட்டினனான்."

"உங்கட அமைப்பின்ர காரியதரிசி துசியந்தியோ?"

"ஓம். அவ தெற்கு லண்டனில, சட்டன் பக்கம் ஒரு கவுன்சிலில வேலை. மேயரின்ர விழாக்கள் எல்லாம் அவதான் பாக்கிறவ. ராசாவின்ர ஆக்கள் வந்து போற இடம். 'நல்ல விசயம் அண்ணை, எதுக்கும் மெற்றில்டா அக்காவிட்டக் காட்டிப்போட்டுப் பதில் போடுங்கோ' எண்டவ."

மெற்றில்டா உறையோடு கடிதத்தை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். வெளியே மழை. வருண் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். மாட்சிமை தங்கிய மன்னர் பெருமகிழ்ச்சியோடு திரு. கணேசலிங்கத்தைத் துணை லெப்டினென்ட்டாக நியமிக்கிறாராம். கீழே எட்வேட் என்று தொடங்கும் ஒரு நீளமான கையெழுத்து.

"லெப்டினென்ட்டா? இந்த வயசுல மிலிட்டரியா?"

"சும்மா இரும்." மெற்றில்டா கடிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ராசாவுக்கு ஒரு பிரதிநிதி இருப்பார். லோட் லெப்ரினன் எண்டு பேர். ராசா வர ஏலாத விழாவுக்கு அவர் போவார், மெடல் குடுப்பார், கை குடுப்பார். அவருக்கும் ஏலாட்டி துணை லெப்ரினன் போவார்."

"ப்ராக்ஸிக்கு ஒரு ப்ராக்ஸி. எலெக்‌ஷன்லாம் உண்டா?"

"எலெக்‌ஷனும் இல்லை, ஒண்டும் இல்லை. லோட் லெப்ரினன் ஆர் எண்டு பிரதமர் சொல்லுவார், ராசா நியமிப்பார். கனடா, அவுஸ்திரேலியாவில மகாதேசாதிபதியை, அதுதான் கவர்னர் ஜெனரலை, நியமிக்கிறதும் உப்பிடித்தான். அந்த நாட்டுப் பிரதமர் பேரைச் சொன்னால் ராசா ஓம் எண்டுவார். எங்கட சிலோனிலயும் எழுபத்திரண்டு வரைக்கும் மகாதேசாதிபதி இருந்தவர்."

"எங்க ஊர்ல கவர்னர் டெல்லியிலேர்ந்து வருவார். வந்தப்புறம்தான் சண்டையே."

கணேசலிங்கத்துக்கு இந்த வேடிக்கை எதுவும் காதில் விழவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி மெற்றில்டாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது வருணுக்கு.

மெற்றில்டா விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு போனார். "எழுபத்தஞ்சு வயசில ஓய்வு. சரி. வீடு மாவட்டத்துக்குள்ள, இல்லாட்டி எல்லையில இருந்து ஏழு மைலுக்குள்ள. சரி. சம்பளம் இல்லை. சரி. அரசாங்க வர்த்தமானியில பேர் வரும். அதுவும் சரி." விரல் மேலே போய், முதல் பந்தியில் நின்றது. "இது பிழை."

"எது?" கணேசலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

"ராசாவின்ர பெருமகிழ்ச்சி. துணை லெப்ரினனை ராசா நியமிக்கிறேல்லை, அண்ணை. லோட் லெப்ரினன்தான் நியமிப்பார். பேரை அரண்மனைக்கு அனுப்புவினம். ராசா வேண்டாம் எண்டு சொல்லாட்டில் காரியம் முடிஞ்சுது. 'மன்னர் மறுக்கவில்லை' எண்டுதான் எழுதுவினம். மகிழ்ச்சி எண்டு ஒருநாளும் எழுதமாட்டினம்."

"எங்கப்பா என் கல்யாணத்துக்குச் சம்மதிச்ச மாதிரியே இருக்கே" என்றான் வருண். "'எனக்கு ஆட்சேபணை இல்லை'ன்னாரு. அவ்ளோதான் ஆசீர்வாதம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மெற்றில்டா அடுத்த தாளைப் புரட்டியிருந்தார். அது ஒரு படிவம். பெயர், பிறந்த தேதி, பிறகு ஒரு பெரிய கட்டம்: தாங்கள் சேவை செய்யும் இல்லங்களின் முழு முகவரி. அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

"இதை ஏன் நிரப்பேல்லை?"

"அது என்னெண்டு நிரப்புறது? அந்த வீடு எங்க இருக்கெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். துசியந்திக்கும் தெரியாது. அதுதானே எங்கட முதல் சட்டம். ராசா கேட்டாலும் சொல்ல ஏலாது எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் எனக்கு நித்திரை போனது."

"இப்ப அங்க ஆர் இருக்கினம்?"

அவர் தயங்கினார். "தர்மிகா. நாலு வயசுப் பிள்ளையோட."

மெற்றில்டா கடிதத்தை மெல்லக் கீழே வைத்தார். தர்மிகாவை வருணுக்கும் தெரியும். லண்டன் தமிழர்களில் தெரியாதவர்கள் குறைவு. புருஷன் யனுஷன் அவளுடைய கையை இரண்டு இடத்தில் முறித்தவன். இப்போது பிணையில் வெளியே திரிகிறான். திங்கட்கிழமை கோர்ட்டில் தர்மிகா வாய் திறந்தால் அவன் வருஷக்கணக்கில் உள்ளே. அவளைத் தேடிப் போகக்கூடாது என்பது பிணை நிபந்தனை. நிபந்தனையைக் கேட்டு நடக்கிறவனாக இருந்தால் அவள் ஏன் ஒளிந்திருக்க வேண்டும்?

"கணேசண்ணை, இது ராசாவின்ர கடிதமில்லை. அந்த வீட்டு முகவரியைப் பிடுங்கிறதுக்கு ஆரோ எழுதினது."

கணேசலிங்கம் எழுந்தார். டையைத் தளர்த்தினார். முகத்தில் இரத்தமே இல்லை. மூன்று நாளாக மனத்துக்குள் எந்தெந்த விழாவுக்குப் போனாரோ, யார் யாருக்குக் கை கொடுத்தாரோ, எல்லாம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. ஆனால் அவர் நேரே போய்க் கார்ச் சாவியை எடுத்தார்.

"நான் இப்பவே போய் அவையை வேற இடத்துக்கு மாத்தவேணும்."

"போன் பண்ணிச் சொல்லலாமே, சார்?"

"அங்க போன் இல்லைத் தம்பி. அவைதான் பின்னேரத்தில வெளியில வந்து எனக்கு எடுப்பினம். அதுவரைக்கும் என்னால பொறுத்திருக்க ஏலாது."

"நாங்களும் வாறம்" என்றார் மெற்றில்டா.

கணேசலிங்கம் கார் ஓட்டுகிற அழகைச் சும்மா சொல்லக்கூடாது. உயிர் போகிற அவசரத்திலும் இருபது மைல் பலகையைக் கண்டால் இருபதுதான். முன்னால் மெற்றில்டா, பின்னால் வருண். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், தெருவெல்லாம் குடைகள். மெற்றில்டா மறுபடியும் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"அதான் பொய்னு கண்டுபிடிச்சாச்சே, அக்கா. இன்னும் என்ன?"

"கெதியா, லேசாக் கண்டுபிடிச்சிட்டம், வருண். அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

"நம்ம திறமைமேல நமக்கே சந்தேகமா?"

"ஏழு மைல் கணக்குத் தெரிஞ்சவன், எழுபத்தஞ்சு வயசு தெரிஞ்சவன், வர்த்தமானி தெரிஞ்சவன். உதெல்லாம் எங்க படிச்சானோ, அதே பக்கத்தில 'மன்னர் மறுக்கவில்லை' எண்டதும் இருந்திருக்கும். அதை மட்டும் என்னெண்டு பிழை விட்டான்?"

முன்னால் ரெட்பிரிட்ஜ் ரவுண்டபவுட் வந்துவிட்டது. கணேசலிங்கத்தின் கை சிக்னல் தண்டுக்குப் போனது.

"சிக்னல் போடாதேங்கோ!" மெற்றில்டா கத்தினார். "எந்தப் பக்கம் எண்டு எங்களுக்கும் காட்டாதேங்கோ. அப்பிடியே சுத்துங்கோ, அண்ணை."

"சுத்துறதோ? சட்டப்படி—"

"சுத்துங்கோ!"

கார் ரவுண்டபவுட்டை ஒரு முறை சுற்றியது. இரண்டாம் முறையும் சுற்றியது. வருண் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஒரு சாம்பல் நிற வேன் அவர்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் சுற்றிலும் அது விடவில்லை.

"பிள்ளையாரைத்தான் மூணு சுத்து சுத்துவாங்க" என்றான் வருண். "பின்னாடி ஒரு பக்தர் வர்றார், அக்கா."

கணேசலிங்கம் கண்ணாடியைப் பார்த்தார். "அது யனுஷன்ர வேன். அவன் அதில குளிர்சாதனப் பெட்டி திருத்தப் போறவன். ஐயோ, கடவுளே!"

இரண்டே இரண்டு நிமிஷம் பிந்தியிருந்தால் அவர்களே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் விட்டிருப்பார்கள். மெற்றில்டா கண்ணை மூடித் திறந்தார்.

"அந்தப் பிழை நாங்கள் பிடிக்கவேணும் எண்டே விட்ட பிழை" என்றார். "படிவத்தில முகவரி எழுதமாட்டியள் எண்டு தெரிஞ்ச ஆள் எழுதின கடிதம். உங்களிட்ட இருந்து முகவரியை வாங்க ஏலாது. ஆனா உங்களைப் பயப்பிடுத்த ஏலும். பயந்தால் நீங்கள் எங்க ஓடுவியள்? அந்தப் பிழையைப் பிடிச்சுச் சொல்லத்தான் ஒரு ஆள் தேவைப்பட்டுது. அதுக்கு நான்."

"நம்மகிட்ட காட்டச் சொன்னது..." வருண் முடிக்கவில்லை.

"துசியந்தி" என்று கணேசலிங்கமே சொன்னார். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு மனமே இல்லை. ஆறு வருஷம் கூட இருந்து வேலை செய்தவள். "அவ அப்பிடிச் செய்ய மாட்டா, மெற்றில்டா."

"ராசாவின்ர ஆக்களின்ர கடிதங்களை நாள் முழுக்கப் பாக்கிறவ வேற ஆர் இருக்கினம்? என்ர கெட்டித்தனத்தை அளந்து வைச்சிருக்கிறா. நானும் சந்தோசமா விழுந்திட்டன்." மெற்றில்டாவுக்குக் கோபம் துசியந்திமேல் பாதி, தன்மேல் பாதி. "யனுஷனுக்கு அவவின்ர வீடு தெரியுமோ?"

"தெரிய நியாயமில்லை. கண்டிருந்தாலும் கோயிலிலதான் கண்டிருப்பினம்."

"அப்ப சட்டனுக்கு விடுங்கோ. துசியந்தி வீட்டுக்கு."

"பொலிஸ் ஸ்டேஷன் போனா என்ன?" என்றான் வருண்.

"ஸ்ரேசனைக் கண்டால் அவன் திரும்பிப் போயிடுவான். நாளைக்கு வேற வழி பாப்பான். தர்மிகாவைத் தேடி ஒரு கதவில அவன் கை வைக்கவேணும். அப்பதான் பிணை முறியும்."

தேம்ஸுக்கு அடியால் போகும் சுரங்கப்பாதையில் நுழையும் முன்பே மெற்றில்டா தர்மிகாவின் வழக்கைப் பார்க்கும் பொலிஸ்காரியைப் போனில் பிடித்துவிட்டார். அந்தப் பெண் முதலில் கூடவே கூடாது என்றாள். பிறகு அபாயம் என்றாள். கடைசியில் துசியந்தியின் முகவரியை எழுதிக்கொண்டாள்.

"என்னவாம்?" என்று கேட்டான் வருண்.

"ஆக்களை அனுப்புறாவாம். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, நிக்கச் சொல்லவும் இல்லை."

"அவங்களும் மறுக்கலைன்னு சொல்லுங்க."

சட்டன் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வேன் நாலு கார் தள்ளியே வந்தது. ஒரு சந்தியில் அது காணாமல் போனபோது வருண் நிம்மதியாக மூச்சு விட்டான். அடுத்த சந்தியில் அது பக்கத்து வரிசையில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். சாதாரண முகம். பேக்கரியில் முன்னால் நின்றால் நாமே வழி விடுவோம்.

துசியந்தி கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் கவுன்சில் அட்டை. வாசலில் கணேசலிங்கத்தைக் கண்டதும் அவள் பார்வை அவரிடம் நிற்கவில்லை, அவரைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அதுவே மெற்றில்டாவுக்குப் போதும். மூவரும் உள்ளே நுழைந்தார்கள். மெற்றில்டா கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டார்.

"நீங்கள் இஞ்ச ஏன் வந்தனீங்கள்?"

"வேற எங்க போவம் எண்டு நினைச்சனீர்?"

துசியந்தி சுவரோடு சாய்ந்தாள். மறுக்கவோ நடிக்கவோ அவளுக்கு நேரம் இல்லை. "அவன் கெட்டவன் இல்லை, அக்கா. மூண்டு கிழமையா என்னட்டக் கோயிலில வந்து அழுதவன். பிள்ளையின்ர முகத்தை ஒருக்கா பாக்கவேணும், கோட்டுக்கு முன்னம் தர்மிகாவோட ஒரு பத்து நிமிசம் கதைக்கவேணும் எண்டவன். ஒரு குடும்பம் கோட்டில போய் நாசமாகாமல், கதைச்சுப் பேசித் தீர்க்கலாம் எண்டுதான்..."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார் கணேசலிங்கம்.

"நீங்கள் விடமாட்டியள், அண்ணை."

"ஓம். விடமாட்டன்தான். அதுக்கு ராசாவின்ர பேரில எனக்கு ஒரு கடிதமோ?" அவர் மெற்றில்டாவின் கையிலிருந்த கடிதத்தை வாங்கி உள்பையில் வைத்தார். "அதை நான் நம்பினனான், துசியந்தி."

அவள் தலை நிமிரவில்லை. வெளியே வேன் நின்ற சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு காலடி, ஓட்டமில்லை, மெதுவான நடை. மெற்றில்டா வாயில் விரலை வைத்தார். கடிதம் போடும் துவாரத்தின் தகடு உள்பக்கமாகத் தூக்கப்பட்டது. கதவுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் குந்தியிருந்த வருணுக்கு இரண்டு விரலும், அதற்குப் பின்னால் இரண்டு கண்ணும் தெரிந்தன.

"தர்மிகா."

மெற்றில்டா துசியந்தியின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ளுக்கதான் நிக்கிறாய். எனக்குத் தெரியும். கிழவன் வந்ததையும் கண்டனான். கேள். போன முறை கை. இந்த முறை கையோட விடமாட்டன். திங்கட்கிழமை கோட்டுக்கு நீ நடந்து போகமாட்டாய். பிள்ளையும் போகாது."

குரலை அவன் உயர்த்தவே இல்லை. அதுதான் வருணைப் பயமுறுத்தியது. துசியந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவு ஒரு முறை அதிர்ந்தது. இன்னொரு முறை அதிர்ந்தபோது சங்கிலி குலுங்கியது. கணேசலிங்கம் போய்த் தன் தோளைக் கதவில் கொடுத்து நின்றார், கோட்டும் சூட்டுமாக.

துசியந்தி கையை எடுத்தாள். மெற்றில்டா தடுக்கப் பார்த்தும் அவள் நிற்கவில்லை. கதவுக்கு முன்னால் போனாள்.

"இஞ்ச தர்மிகா இல்லை. இது என்ர வீடு. நான் துசியந்தி."

கதவில் விழுந்த அடி நின்றது. பிறகு ஒரு குரல் வந்தது. வேறு குரல். உடைந்து, தழுதழுத்து, குழந்தைக் குரல் மாதிரி.

"அன்ரியே? ஐயோ அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு மூளை கலங்கிப் போச்சு. பிள்ளையைப் பாக்காமல் ஏலாமல் கிடக்கு, அன்ரி. கதைக்கத்தான் வந்தனான். கதவைத் திறவுங்கோ."

அழுகையும் தொடங்கியது. விம்மல், மூக்கை உறிஞ்சும் சத்தம், எல்லாம் சரியாக இருந்தது. வருண் தகட்டு இடைவெளியால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவை காய்ந்து கிடந்தன. கதவின் சங்கிலி எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தன.

துசியந்தியும் குனிந்து அதைப் பார்த்தாள். மூன்று கிழமை கோயில் மண்டபத்தில் கேட்ட அதே அழுகை. அப்போது அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் அழுதிருக்கிறான். அவன் கண்ணை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

தெரு முனையில் பொலிஸ் கார் திரும்பியது. ஓடும் சத்தம், அதட்டல், வேன் பக்கம் ஒரு இழுபறி, பிறகு கைவிலங்கு பூட்டும் சத்தம். சங்கிலியை எடுத்தபோது மழை உள்ளே அடித்தது. அந்தப் பொலிஸ்காரி குறிப்புப் புத்தகத்தோடு நடையில் வந்து நின்று, இங்கே யார் முதலில் பேசப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கணேசலிங்கம் உள்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அதன் மூலை மடங்காமல் பார்த்து அவளிடம் நீட்டினார்.

மெற்றில்டா வாயைத் திறந்தார். அதற்குள் துசியந்தி தன் கழுத்திலிருந்த கவுன்சில் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள்.

"நான் சொல்லுறன், அக்கா" என்றாள். பிறகு பொலிஸ்காரியைப் பார்த்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியது நான். அவன் இந்தக் கதவில் சொன்னதைக் கேட்டதும் நான். திங்கட்கிழமை தர்மிகாவுக்குப் பிறகு என்னையும் கூப்பிடுங்கள்."